வெளியேற்றத்தின் விளம்பரம்: அமெரிக்க மாற்று ஊடகத்தில் பகிரங்கச் சண்டைகள்

அமெரிக்காவின் இணையவழி மாற்று ஊடகத்தில் 2020 தொடங்கி அடுத்தடுத்து மூண்ட பகிரங்கச் சண்டைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அவற்றைச் சம்பந்தப்பட்டவர்களின் குணக்கேடாகவே விளக்கிவிடுகிறது. தன்முனைப்பு மிக்கவர்கள், புகழுக்கும் பணத்துக்கும் ஆசைப்பட்டவர்கள், நேற்றுவரை தோளோடு தோள் நின்றுவிட்டு இன்று ஒருவரையொருவர் தூற்றுகிறார்கள் என்பதோடு அந்த விளக்கம் நின்றுவிடுகிறது. தன்முனைப்பு எல்லாக் காலத்து எழுத்தாளர்களிடமும் இதழாளர்களிடமும் இருந்ததுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தச் சண்டைகள் ஏன் இந்த வடிவத்தில், இத்தனை வேகத்தில், இத்தனை பேர் பார்க்க நடக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இயலாது. இங்கே முன்வைக்கப்படும் வாதம் வேறு: ஓர் ஊடகத்தை விட்டு வெளியேறுவது எளிதாகவும் ஆதாயமுள்ளதாகவும் ஆகிவிட்ட சூழலில், பகிரங்கச் சண்டை என்பது உள்ளே இருந்து திருத்தும் முயற்சியாக இருப்பதை விட்டு, வெளியேற்றத்தை அறிவிக்கும் விளம்பரமாக மாறிவிட்டது; அதனால் ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் இருந்த உண்மையான கேள்வி விடை காணாமலே போய்விடுகிறது; அந்த இழப்பைச் சுமப்பவர்கள் சந்தா கட்டும் வாசகர்களும் நேயர்களும்தான்.

மாற்று ஊடகம் என்ற சொல் இங்கே ஒரு குறிப்பிட்ட பொருளில் கையாளப்படுகிறது. பெரு நிறுவனங்களுக்குச் சொந்தமான நாளிதழ்கள், தொலைக்காட்சிகள் ஆகியவற்றுக்கு வெளியே நின்று, அவை சொல்லாததைச் சொல்வதாக உரிமை கோரி, பெரும்பாலும் தம் நேயர்களிடமிருந்தே நேரடியாகப் பணம் பெற்று இயங்கும் ஊடகங்களை அது குறிக்கிறது. இடதுசாரிகளும் வலதுசாரிகளும் இவற்றில் உண்டு. அவர்களுக்குள் கொள்கையில் பெரும் வேறுபாடு உண்டு என்றாலும், வருவாய் ஈட்டும் முறையில் வேறுபாடு மிகக் குறைவு.

பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், 1970இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், ஒரு நிறுவனத்தின் தரம் கெடும்போது அதைச் சார்ந்திருப்பவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள் என்றார். ஒன்று, அதை விட்டுப் போய்விடுவது. இதை அவர் வெளியேற்றம் என்றார். மற்றொன்று, உள்ளேயே இருந்து குறை சொல்லி, வாதாடி, போராடித் திருத்த முயல்வது. இதைக் குரல் என்றார். நிறுவனத்தின் மீதுள்ள பற்று வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டு, குரலுக்கு அவகாசம் தருகிறது. வெளியேற்றம் மிக எளிதாக இருக்கும் இடத்தில் குரல் வளராமல் தேய்ந்துபோகும் என்பது ஹிர்ஷ்மனின் முக்கியமான கவனிப்பு. கடைகளையும் கட்சிகளையும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து அவர் எழுதியது, அரை நூற்றாண்டுக்குப் பிறகு மாற்று ஊடகத்துக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. அதைக் காண்பதற்கு, வெளியேற்றம் எளிதாக இல்லாத ஒரு காலத்தின் சண்டையை முதலில் பார்க்க வேண்டும்.

பெர்க்லி, 1999

இரண்டாம் உலகப் போரில் மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவரான லூயிஸ் ஹில் என்பவர் 1946இல் பசிஃபிகா அறக்கட்டளையை நிறுவினார். அதன் முதல் வானொலி நிலையமான கே.பி.எஃப்.ஏ. 1949 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. விளம்பரம் இல்லாமல், அரசின் பணமும் இல்லாமல், கேட்பவர்கள் விரும்பிச் செலுத்தும் தொகையால் ஒரு நிலையத்தை நடத்த முடியும் என்று காட்டியது ஹில்லின் சாதனை. இன்று ஆயிரக்கணக்கான இணைய நிகழ்ச்சிகள் பின்பற்றும் நேயர் ஆதரவு முறைக்கு அதுவே முன்னோடி. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன் ஆகிய நகரங்களிலும் நிலையங்கள் சேர்ந்து, பசிஃபிகா ஐந்து நிலையங்களின் கூட்டமைப்பாயிற்று.

1999 மார்ச் இறுதியில், கே.பி.எஃப்.ஏ. நிலையத்தின் மேலாளராக இருந்து பணியாளர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த நிக்கோல் சவாயாவின் ஒப்பந்தத்தைப் பசிஃபிகா நிர்வாகம் புதுப்பிக்க மறுத்தது. அமைப்பின் உள்விவகாரங்களை ஒலிபரப்பில் பேசக் கூடாது என்ற விதி அங்கே இருந்தது. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவராதே என்பது அதன் சாரம். அந்த விதியை மீறி சவாயாவின் நீக்கத்தை ஒலிவாங்கியில் கண்டித்த மூத்த ஒலிபரப்பாளர் லாரி பென்ஸ்கி ஏப்ரலில் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஜூலையில், நிலையங்களில் ஒன்றை விற்பதைப் பற்றி அறக்கட்டளையின் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல், தவறுதலாக ஊடகச் சீர்திருத்த அமைப்பு ஒன்றுக்குப் போய்ச் சேர, அந்த அமைப்பு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி அதைப் பகிரங்கப்படுத்தியது. ஜூலை 13 அன்று டென்னிஸ் பெர்ன்ஸ்டைன் தமது நிகழ்ச்சியில் அந்தச் சந்திப்பின் ஒலிப்பதிவை ஒலிபரப்பினார். நிர்வாகத்தின் பாதுகாவலர்கள் அவரை அப்புறப்படுத்த வந்தார்கள். அப்போது எழுந்த கூச்சல் செய்தியறிக்கையின் ஊடே நேயர்களின் காதுகளில் விழுந்தது. சற்று நேரத்தில் நேரலை அறுந்து, பழைய ஒலிப்பதிவுகள் ஓடத் தொடங்கின. பணியாளர்கள் நிலையத்துக்குள் அனுமதிக்கப்படாமல் மூன்று வாரங்கள் கதவடைப்பு நீடித்தது.

அதன்பின் நடந்ததுதான் இங்கே முக்கியம். நேயர்கள் வேறு நிலையத்துக்கு மாறிவிடவில்லை. மாறுவதற்கு அப்படி இன்னொரு நிலையம் இல்லை. 94.1 என்ற அலைவரிசை ஒன்றுதான் இருந்தது. அது பறிபோனால் திரும்பக் கிடைக்காது. ஆகவே அவர்கள் நிலையத்தின் வாசலில் முகாமிட்டார்கள், கைதானார்கள், ஜூலை இறுதியில் பத்தாயிரம் பேர் அளவில் பெர்க்லித் தெருக்களில் ஊர்வலம் போனார்கள், ஆட்சிக்குழுவுக்கு எதிராக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். நியூயார்க் நிலையத்திலும் 2000 இறுதியில் நிர்வாகம் ஆள்மாற்றம் செய்தபோது, எமி குட்மன் நடத்திய ‘டெமாக்ரசி நவ்’ நிகழ்ச்சி மறு ஆண்டு அந்த நிலையத்தின் கூடத்தை விட்டு வெளியேறி, முன்பு தீயணைப்பு நிலையமாக இருந்த ஒரு கட்டடத்திலிருந்து ஒலிபரப்பாக வேண்டியதாயிற்று. 2001 டிசம்பரில் வழக்குகள் சமரசத்தில் முடிந்து, பழைய ஆட்சிக்குழுவின் பிடி தளர்ந்தது. 2003இல் இயற்றப்பட்ட புதிய சாசனத்தின்படி, ஆண்டுக்கு 25 டாலர் செலுத்திய நேயரும், பணம் தர இயலாமல் மூன்று மணி நேரம் தொண்டூழியம் செய்த நேயரும் ஒரே உரிமையோடு வாக்களித்து நிலையக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று.

இந்த வெற்றியை மிகைப்படுத்தக் கூடாது. தேர்தல் வந்ததும் கட்சி கட்டுவதும் வந்தது. அதன்பிறகான ஆண்டுகளில் பசிஃபிகா உட்பகையாலும் கடனாலும் நலிந்தது. 2019 அக்டோபரில் நியூயார்க் நிலையத்தின் உள்ளூர் ஒலிபரப்பைத் தலைமையகமே நிறுத்திவிட, நீதிமன்றம் தலையிட்ட பிறகு நவம்பரில்தான் அது மீண்டது. மக்களாட்சி அந்த அமைப்புக்கு அமைதியைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் சண்டை ஒரு பொருளைப் பற்றியதாக இருந்தது: அலைவரிசை யாருக்குச் சொந்தம், நிர்வாகத்தை யார் நியமிப்பது, கேட்பவருக்கு அதில் சொல் உண்டா. அந்தக் கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடையும் கிடைத்தது. 2020க்குப் பிந்தைய எந்தச் சண்டையைப் பற்றியும் இப்படிச் சொல்வது கடினம்.

ஒரு ராஜினாமாவும் அதன் காகிதங்களும்

அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்ததைத் தொடர்ந்து, அந்த ஆவணங்களைக் கையாண்ட க்ளென் கிரீன்வால்ட், லாரா பொய்ட்ரஸ் ஆகியோரும் போர்ச் செய்தியாளர் ஜெரமி ஸ்கேஹிலும் சேர்ந்து 2014 பிப்ரவரியில் ‘தி இன்டர்செப்ட்’ என்ற இணைய இதழைத் தொடங்கினார்கள். ஈபே நிறுவனர் பியர் ஒமிட்யார் பணம் கொடுத்தார். 2020 அக்டோபர் 29 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஐந்து நாட்கள் இருக்கையில், கிரீன்வால்ட் தாம் தோற்றுவித்த இதழிலிருந்தே விலகினார். ஜோ பைடனையும் அவருடைய மகனையும் பற்றி நியூயார்க் போஸ்ட் வெளியிட்ட மின்னஞ்சல்களை அடிப்படையாகக் கொண்டு தாம் எழுதிய கட்டுரையில், பைடனைக் குறைகூறும் பகுதிகளை நீக்காவிட்டால் வெளியிட முடியாது என்று ஆசிரியர்கள் சொன்னதாகவும், அது தமது ஒப்பந்தம் உறுதியளித்த எழுத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்றும் அவர் கூறினார். முதன்மை ஆசிரியர் பெட்ஸி ரீட் இதைத் திரிப்பு என்று மறுத்தார். எதை வெளியிடலாம் என்பதைத் தாம் ஒருவரே முடிவு செய்ய வேண்டும் என்று கிரீன்வால்ட் எண்ணுகிறார் என்பதும், ஒரு தேர்தல் பிரசாரத்தின் ஐயத்துக்குரிய கூற்றுகளை இதழியலாகக் காட்ட முயன்றார் என்பதும் அவருடைய பதிலின் சாரம்.

இந்தச் சண்டை மற்றவற்றைவிட மதிப்புள்ளதாக இருப்பதற்குக் காரணம், அதன் காகிதங்கள் வாசகரின் முன் வைக்கப்பட்டதுதான். கிரீன்வால்ட் தம் கட்டுரை வரைவையும், ஆசிரியர்களோடு நடத்திய மின்னஞ்சல் பரிமாற்றத்தையும் வெளியிட்டார். வரைவை வரிக்கு வரி பார்த்து, இந்தக் கூற்றுக்கு என்ன சான்று, இந்த ஊகம் எப்படி எழுகிறது என்று கேட்கும் ஆசிரியக் குறிப்பையும், அதற்குக் கோபத்தோடு எழுதப்பட்ட பதிலையும் ஒரு சாதாரண வாசகர் அருகருகே வைத்துப் படிக்க முடிந்தது. இதழியல் மாணவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் படித்தாலும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி அது. அதைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு, இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருப்பது தெரிந்திருக்கும்: தேர்தல் நெருக்கத்தில் பைடனுக்குப் பாதகமானவற்றைக் கையிலெடுக்க அன்றைய ஊடகங்கள் பலவும் தயங்கின என்ற குற்றச்சாட்டு வெறும் கற்பனை இல்லை, சான்று கேட்பது தணிக்கை ஆகாது என்ற ஆசிரியர் நிலையும் தவறில்லை.

எனினும் அந்தக் காகிதங்கள் வெளியான இடம் கவனத்துக்குரியது. அவை சப்ஸ்டாக் என்ற தளத்தில் வெளியாயின. மின்னஞ்சல் வழிச் செய்திமடல் எழுதுவோருக்கு வாசகரிடமிருந்து சந்தா வசூலித்துத் தந்து, அதில் 10 விழுக்காட்டைத் தான் எடுத்துக்கொள்ளும் இந்தத் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. அங்கே சந்தாதாரர்களின் முகவரிப் பட்டியல் எழுதுபவருக்கே சொந்தம், விரும்பினால் அதைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். புகழ்பெற்ற ஓர் இதழாளருக்கு இதைவிடச் சுலபமான வெளியேற்றம் வரலாற்றில் எப்போதும் வாய்த்ததில்லை. ராஜினாமாக் கடிதமே புதிய செய்திமடலின் முதல் இதழாகவும் ஆனது. ஆசிரியர் குழுவின் அதிகாரம் எதுவரை, அதை எதிர்த்து எழுத்தாளர் யாரிடம் முறையிடலாம் என்ற கேள்வியைத் தீர்க்க வேண்டிய அவசியம் அன்றோடு இரு தரப்புக்கும் இல்லாமல் போயிற்று. இதழின் மற்ற இரு நிறுவனர்களும் அங்கே நிலைக்கவில்லை. பொய்ட்ரஸ் அதே ஆண்டு இறுதியில் நீக்கப்பட்டார், ஸ்கேஹில் 2024இல் விலகி, சக இதழாளர் ரயன் கிரிமுடன் சேர்ந்து ‘டிராப் சைட் நியூஸ்’ என்ற புதிய இதழைத் தொடங்கினார்.

இதற்கு முன்பும் இடதுசாரி எழுத்தாளர்கள் கடுமையாக மோதியதுண்டு. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸும் நோம் சாம்ஸ்கியும் ‘தி நேஷன்’ இதழின் தளத்தில் மறுப்பும் மறுமறுப்புமாக மோதிக்கொண்டபோது, 1998இல் அமெரிக்க ஏவுகணைகள் சூடானின் மருந்துத் தொழிற்சாலையைத் தகர்த்ததை எந்தத் தராசில் வைப்பது என்பது வாதத்தின் நடுப்பொருளாக இருந்தது. வசைக்கும் குறைவில்லை. ஆனால் இருவரின் எழுத்தையும் ஒரே இதழ் வாங்கி வெளியிட்டது. இரு தரப்பையும் படிக்கும் ஒரே வாசகர் கூட்டம் இருந்தது. ஹிட்சன்ஸ் 2002இல் அந்த இதழை விட்டுப் போனபோதும், போவதற்கு முன் அந்த வாசகர்களிடம் அவர் வாதிட்டு முடித்திருந்தார்.

வாக்கெடுப்பைப் பற்றிய வாக்குவாதம்

யூடியூபில் நடக்கும் சண்டைகளில் அந்தப் பொது வாசகர் கூட்டம் கரைந்துவிடுகிறது. ஜெங்க் உய்கர் 2002இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, பின்னர் யூடியூபில் பெரிய இடதுசாரிச் செய்தி நிறுவனமாக வளர்த்த ‘தி யங் டர்க்ஸ்’, 2017இல் முதலீட்டாளர்களிடமிருந்து 2 கோடி டாலர் திரட்டியது. மேடை நகைச்சுவையாளரான ஜிம்மி டோர் அங்கே நிகழ்ச்சி நடத்திவந்து 2019இல் பிரிந்தார். 2020 டிசம்பரில் டோர் ஒரு கோரிக்கையை எழுப்பினார்: பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை மிகக் குறுகியதாக இருப்பதால், அலெக்சாண்டிரியா ஒகாசியோ-கோர்டெஸ் முதலான முற்போக்கு உறுப்பினர்கள், அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வழங்கும் சட்டமுன்வரைவை வாக்கெடுப்புக்கு விடுவதாக நான்சி பெலோசி உறுதியளித்தாலன்றி அவரைச் சபாநாயகராக்க வாக்களிக்கக் கூடாது என்பதே அது.

பெருந்தொற்றில் வேலையோடு காப்பீட்டையும் இழந்தவர்கள் நிறைந்திருந்த அந்தக் குளிர்காலத்தில், இது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. தோற்கும் என்று தெரிந்த வாக்கெடுப்பு, யார் எந்தப் பக்கம் என்பதைப் பதிவு செய்து அடுத்த தேர்தலுக்கு உதவுமா, அல்லது இயக்கத்தின் பலவீனத்தை ஊருக்குக் காட்டி அதைப் பின்தள்ளுமா? குறுகிய பெரும்பான்மை தரும் பேரம் பேசும் வலிமையைக் குழுப் பதவிகளுக்கும் சபை விதி மாற்றங்களுக்கும் செலவிடுவது மேலா? நாடாளுமன்ற உத்தி பற்றிய இந்தக் கேள்விகளுக்கு இரு பக்கமும் நேர்மையான விடைகள் உண்டு. 2021 ஜனவரி 3 அன்று பெலோசி 216 வாக்குகளும் அவரை எதிர்த்த கெவின் மெக்கார்த்தி 209 வாக்குகளும் பெற்றார்கள் என்ற எண்ணிக்கையே, ஒரு சில உறுப்பினர்களின் வாக்கு எவ்வளவு கனமானது என்பதைக் காட்டும். ஆனால் வாதம் அந்தத் தளத்தில் நெடுநேரம் நிற்கவில்லை. கோரிக்கையை ஏற்காதவர்கள் துரோகிகள், விலைபோனவர்கள் என்றும், எழுப்பியவர் பார்வையாளர் எண்ணிக்கைக்காக இயக்கத்தைக் குலைப்பவர் என்றும் பேச்சு திரும்பியது. 2021இன் நடுப்பகுதிக்குள், ‘தி யங் டர்க்ஸ்’ நிகழ்ச்சியின் ஆனா கஸ்பரியனுக்கும் டோருக்கும் இடையே பணியிட நடத்தை பற்றிய பழைய குற்றச்சாட்டும் மறுப்பும் ஒளிபரப்பில் பரிமாறப்பட்டன. காப்பீட்டுச் சட்டம் அந்தப் பேச்சில் எங்கோ மறைந்துபோயிற்று. பசிஃபிகாவில் உள்விவகாரத்தை ஒலிபரப்பில் பேசினால் வேலை போகும் என்றிருந்த நிலை, இருபது ஆண்டுகளில் உள்விவகாரமே ஒளிபரப்பின் சரக்காகிவிட்ட நிலைக்கு வந்துசேர்ந்தது.

ஐந்து கோடி டாலர்

வலதுசாரித் தரப்பில் நடந்த சண்டை ஒன்று, இந்தக் கட்டமைப்பை மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. பென் ஷபிரோவும் ஜெரமி போரிங்கும், டெக்சஸ் எண்ணெய்த் தொழிலில் செல்வம் சேர்த்த ஃபாரிஸ் வில்க்ஸின் முதலீட்டோடு 2015இல் தொடங்கிய ‘தி டெய்லி வயர்’, சந்தா வருவாயில் பெருநிறுவனமாக வளர்ந்தது. யூடியூபில் பல லட்சம் பின்தொடர்வோரைக் கொண்ட ஸ்டீவன் கிரவுடர், 2022 இறுதியில் தாம் இருந்த ‘பிளேஸ்’ நிறுவனத்தை விட்டு விலகி, புதிய இடம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் ‘தி டெய்லி வயர்’ நிறுவனத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. 2023 ஜனவரி 17 அன்று கிரவுடர், பெயர் சொல்லாமல் ஒரு பழமைவாத ஊடக நிறுவனம் தமக்கு அனுப்பிய ஒப்பந்த முன்வரைவைக் கண்டித்து ஒரு காணொளி வெளியிட்டார். ஒப்பந்த முன்வரைவு என்பது, இறுதி ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் இரு தரப்பும் பேரம் பேசுவதற்காக வைக்கப்படும் நிபந்தனைச் சுருக்கம். நிகழ்ச்சிக்கு யூடியூப் விளம்பர வருவாயை நிறுத்தினாலோ தளத்திலிருந்தே நீக்கினாலோ கிரவுடருக்குத் தரும் தொகை குறையும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. பெருநிறுவனத் தளங்களை எதிர்ப்பதாகச் சொல்லிச் சந்தா வாங்குகிறவர்கள், அந்தத் தளங்களின் தண்டனையைத் தம் சொந்த ஆட்கள் மீதே நிறைவேற்றுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இந்த நிபந்தனை அவருக்கு ஏன் உறுத்தியது என்பது விளங்க, அவருடைய முன்கதை தெரிய வேண்டும். ஓர் இதழாளரை அவருடைய இனத்தையும் பாலியல் அடையாளத்தையும் சொல்லி மீண்டும் மீண்டும் இழிவுபடுத்தியதாக எழுந்த புகாரின் பேரில், 2019 ஜூனில் யூடியூப் கிரவுடரின் அலைவரிசைக்கு விளம்பர வருவாயை நிறுத்தியது. அது 2020இல் திரும்பக் கிடைத்து 2021இல் மீண்டும் பறிபோனது. அந்த இழிசொற்களை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும், எந்தப் பேச்சுக்குத் தண்டனை என்பதை ஒரு தனியார் நிறுவனம் தன் விருப்பப்படி முடிவு செய்து, அதை மாற்றி, மறுபடி மாற்றும் நிலையில், அந்த ஆபத்தை யார் சுமப்பது என்பது எல்லா மாற்று ஊடகத்தாருக்கும் பொதுவான கேள்வி. அதற்குக் கிரவுடரின் காணொளி ஒரு நல்ல தொடக்கமாக இருந்திருக்கலாம்.

மறுநாளே போரிங், ஏறத்தாழ ஒரு மணி நேரக் காணொளியில், அந்த நிறுவனம் தாங்கள்தான் என்று சொல்லி, முன்வரைவின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் தருவதாகச் சொன்னதும், பேரம் பேச இடம் இருந்ததும், விளம்பரமே அந்தத் தொகைக்கு ஊற்று என்பதால் ஊற்று வற்றினால் தொகையும் குறையத்தான் வேண்டும் என்பதும் அவருடைய விளக்கம். வணிகம் என்ற அளவில் இந்த விளக்கத்தில் பிழையில்லை. அதற்கடுத்த நாள் கிரவுடர், போரிங்குடன் பேசிய தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவை வெளியிட்டார். துறைக்குப் புதிதாக வரும் இளையவர்கள் சில காலம் ஊதிய அடிமைகளாக இருக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் போரிங் அதில் பேசியிருந்தார். நண்பரின் தனிப்பேச்சைப் பதிவு செய்து வெளியிட்டதா பெரிய குற்றம், அந்தப் பேச்சா பெரிய குற்றம் என்று இரு தரப்பு நேயர்களும் பிளவுபட்டார்கள். மூன்று நாட்களில் கேள்வி மாறிவிட்டது: தளத்தின் ஆபத்தை யார் சுமப்பது என்பதிலிருந்து, யார் நல்ல நண்பர் என்பதற்கு.

சில வாரங்களில் கிரவுடர் தம் சந்தாத் திட்டத்தோடு, யூடியூபுக்கு மாற்றாகத் தன்னை முன்னிறுத்தும் ரம்பிள் தளத்தில் சேர்ந்தார். ‘தி டெய்லி வயர்’ தன் வழியில் தொடர்ந்தது. 2024 மார்ச்சில் அதே நிறுவனம், இஸ்ரேல் குறித்த கருத்து மோதலுக்குப் பின் கேண்டஸ் ஓவன்ஸுடனான உறவையும் முறித்துக்கொண்டது. ஓவன்ஸும் தம் பார்வையாளர்களைத் தம்மோடு கூட்டிக்கொண்டு போய்த் தனி நிகழ்ச்சி தொடங்கினார்.

நெருக்கத்தின் விலை

சமூகவியலறிஞர் ஜார்ஜ் சிம்மல் 1908இலேயே, அந்நியருக்கிடையிலான பகையைவிட நெருங்கியவருக்கிடையிலான பகை கொடியது என்று விளக்கியிருக்கிறார். ஒரே அணியில் இருந்து பிரிந்தவர் மீது எழும் வெறுப்பு, எதிரணியில் பிறந்தவர் மீது எழுவதில்லை. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதிய ஆய்வு. திரையில் தோன்றுபவரை அன்றாடம் பார்ப்பவர், தம்மை அவர் அறியாதபோதும், அவரோடு நட்பு இருப்பதாக உணர்கிறார் என்று அவர்கள் காட்டினார்கள். இதை ஒருவழி நெருக்கம் எனலாம். தொலைக்காட்சியில் அந்த நெருக்கத்தின் பலன் நிறுவனத்துக்குப் போனது. இணைய ஊடகத்தில் அது நேராக அந்த மனிதரின் கணக்குக்குப் போகிறது. நேரலை ஓடும்போது பணம் கட்டித் தம் கருத்தை முன்னிலைப்படுத்திக்கொள்ளும் வசதியை யூடியூப் 2017இல் கொண்டுவந்தது. அந்தத் தொகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிகழ்ச்சி நடத்துபவருக்கு. முன்னாள் நண்பரை மறுக்கும் நேரலை, காப்பீட்டுச் சட்டத்தை விளக்கும் நேரலையைவிடக் கூடுதல் ஆதரவைத் திரட்டும் என்பது அந்தத் துறையில் இருப்பவர் எவருக்கும் தெரிந்ததே. செய்தியை நம்பிச் சந்தா கட்டியவர்கள் பலர். மனிதரை நம்பிக் கட்டியவர்கள் அவர்களைவிடப் பலர். அந்த மனிதரின் நேர்மை கேள்விக்குள்ளாகும்போது, விவாதிக்கப்படுவது அவருடைய மூலதனமே. அதனால்தான் உத்தியில் வேறுபட்டவர் என்று சொல்லி நிறுத்த முடியாமல், துரோகி என்று சொல்ல வேண்டியதாகிறது.

பகிரங்கச் சண்டையை ஆதரிப்பவர்களின் வாதத்துக்கு இங்கே உரிய இடம் தர வேண்டும். பழைய ஊடகங்களில் மூடிய அறைகளில் பேசி முடிக்கப்பட்டவை, இன்று வெளிச்சத்துக்கு வருகின்றன. சண்டை மூளாவிட்டால் ஒப்பந்த நிபந்தனைகளையும் ஆசிரியக் குறிப்புகளையும் நேயர்கள் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள் என்கிறார்கள் அவர்கள். இது உண்மை. பசிஃபிகாவின் வாய்ப்பூட்டு விதியைப் போன்ற ஒன்றை யாரும் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அந்த வெளிச்சம், ஒருவருக்கு மற்றவரை அழிக்கத் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் பக்கம் மட்டும் பாய்ச்சப்படுகிறது. கிரவுடரின் ஒலிப்பதிவும் போரிங்கின் நிபந்தனை வாசிப்பும் வெளிவந்தன. இரு நிறுவனங்களிலும் மற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் வெளிவரவில்லை. சண்டை ஓய்ந்ததும் கதவு மீண்டும் மூடிக்கொண்டது. 25 டாலர் கொடுத்த பெர்க்லி நேயருக்கு ஒரு வாக்கு இருந்தது. மாதச் சந்தா கட்டும் இணைய நேயருக்குச் சந்தாவை நிறுத்தும் பொத்தான் ஒன்றே இருக்கிறது. அந்தப் பொத்தானை அவர் அழுத்தினாலும், ஏன் அழுத்தினார் என்று கேட்கும் கடமை யாருக்கும் இல்லை.

எல்லா மாற்று ஊடகமும் பசிஃபிகாவைப் போலத் தேர்தல் நடத்த வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அந்தத் தேர்தல்கள் விளைத்த உட்பகையும் கடனும் அதற்கு எச்சரிக்கையாக நிற்கின்றன. ஆனால் யார் முதலீடு செய்திருக்கிறார், ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் பிணக்கு வந்தால் யார் தீர்ப்பு சொல்வது, தளம் தண்டித்தால் நட்டம் யாருடையது என்பவற்றை, சண்டை மூளாத நல்ல நாளிலேயே எழுதி வெளியிடுவது எந்த நிறுவனத்துக்கும் இயலாத காரியமில்லை. பெரு ஊடகங்கள் மறைப்பதைத் தாங்கள் சொல்வதாகக் கூறிப் பணம் வாங்குகிறவர்களுக்கு அது கடமையும்கூட. ஆகவே இத்தகைய ஊடகங்களுக்குச் சந்தா கட்டுபவர்கள், அடுத்த சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே, தாம் பணம் கொடுக்கும் இடத்தில் இந்த மூன்றையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தர மறுத்தால், மறுத்த காரணத்தைச் சொல்லியே சந்தாவை நிறுத்த வேண்டும்.